பாஸ்டஸ் மனந்திரும்ப இயலவில்லையா, விரும்பவில்லையா?
மார்லோவின் நாடகமும் திறனாய்வாளர் தீர்ப்புகளும்

ஆங்கில மறுமலர்ச்சிக் கால நாடகங்களுள் இறையியல் மாணவர் தவறாது கற்கத்தக்கது கிறிஸ்டபர் மார்லோ இயற்றிய 'டாக்டர் பாஸ்டஸ்' ஆகும். ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களுக்கு வழிவகுத்த நூல் என்று இலக்கிய வரலாற்றாசிரியர் இதனைப் போற்றுவர். நமக்கு இதன் சிறப்பு வேறு காரணத்தால் அமைகின்றது. இந்நாடகத்தின் தலைவன் ஓர் இறையியல் அறிஞன். லூத்தர் கற்பித்த விட்டன்பர்க் நகரில் பயின்று, இறையியலில் டாக்டர் பட்டம் பெற்றவன். அவனே திருமறையை மூடிவைத்துவிட்டு, இருபத்து நான்கு ஆண்டு இன்பத்திற்கும் வல்லமைக்கும் ஈடாகத் தன் ஆன்மாவைப் பிசாசுக்கு எழுதிக்கொடுக்கின்றான். இடையில் பலமுறை மனம் வருந்துகின்றான். ஆயினும் மனந்திரும்பாமலே மாள்கின்றான்.

அவன் ஏன் மனந்திரும்பவில்லை? அவனால் இயலவில்லையா, அவன் விரும்பவில்லையா? நானூறு ஆண்டுகளாக இந்நாடகத்தைப் பற்றி எழுந்த திறனாய்வு அனைத்தும் இவ்வொரு வினாவைச் சுற்றியே அமைந்துள்ளது எனலாம். அத்திறனாய்வின் வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்ந்து, அது நமக்குக் கற்பிப்பது யாது என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. ஆசிரியரும் காலமும்

மார்லோ 1564ஆம் ஆண்டு கேன்டர்பரியில் ஒரு செருப்புத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். கேம்பிரிட்ஜில் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் உதவித்தொகை பெற்றுப் பயின்று 1584இல் இளங்கலைப் பட்டமும் 1587இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். குருத்துவப் பணிக்குச் செல்வோருக்கென ஏற்பட்ட உதவித்தொகையைப் பெற்றவர் நாடக அரங்கிற்குச் சென்றார். 1593 மே 30ஆம் நாள் டெப்ட்போர்டில் கத்திக்குத்துண்டு இறந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்பது. அக்காலத்தில் அவர் மீது நாத்திகக் குற்றச்சாட்டும் சுமத்தப்பட்டிருந்தது.

நாடகத்தின் மூலக்கதை ஜெர்மனியில் தோன்றியது. 1587இல் பிராங்க்பர்ட் நகரில் யோகான் ஸ்பீஸ் என்னும் அச்சகத்தார் பாஸ்ட் என்னும் மந்திரவாதியின் கதையை வெளியிட்டார். லூத்தரன் மக்களுக்கு எச்சரிப்பாக எழுதப்பட்ட அந்நூல் விரைவில் ஆங்கிலத்திலும் வந்தது. மார்லோ அதனையே நாடகமாக்கினார்.

அவர் வாழ்ந்த கேம்பிரிட்ஜின் இறையியல் சூழ்நிலையையும் நாம் மனத்திற்கொள்ள வேண்டும். முன்குறித்தலைக் குறித்த கால்வினிய உபதேசம் அங்கு ஆழ வேரூன்றியிருந்தது. அதன் தலைசிறந்த ஆங்கில விளக்கவுரையாளராகிய வில்லியம் பெர்க்கின்ஸ் 1584 முதல் கிறிஸ்து கல்லூரியில் பணியாற்றினார். அவ்வுபதேசத்தை எதிர்த்து 1595இல் வில்லியம் பாரெட் என்பவர் பிரசங்கித்தபோது பெரும் பூசல் மூண்டது. அதன் விளைவாகவே அவ்வாண்டு ஒன்பது லாம்பெத் விதிகள் எழுந்தன. இது மார்லோ இறந்தபின் நிகழ்ந்ததெனினும், அதற்குக் காரணமான ஐயங்கள் அவர் மாணவராயிருந்த நாளிலேயே மக்கள் மனத்தை வாட்டின. இங்கிலாந்துத் திருச்சபையின் முப்பத்தொன்பது விதிகளுள் பதினேழாவது விதி, முன்குறித்தலைப் பற்றிய சிந்தனை பக்தருக்கு ஆறுதலாயினும், ஆவியில்லாத மாந்தரை அது அவநம்பிக்கையில் வீழ்த்தக்கூடும் என்று தானே எச்சரிக்கின்றது. அந்த அவநம்பிக்கையின் படத்தையே மார்லோ அரங்கில் வரைந்தார்.

இவ்வகையில் அவருக்கு முன்னோடியும் உண்டு. நார்விச் நகரத்துக் குருவாகிய நத்தானியேல் வுட்ஸ் எழுதிய 'மனச்சாட்சியின் போராட்டம்' என்னும் நாடகம் 1581இல் அச்சேறியது. துன்புறுத்தலுக்கு அஞ்சிச் சீர்திருத்த விசுவாசத்தை மறுதலித்து, மீட்பில்லை என்ற எண்ணத்தோடு 1548இல் மாண்ட பிரான்சிஸ் ஸ்பியரா என்னும் இத்தாலிய வழக்கறிஞரின் வரலாறு அதற்கு அடிப்படை. அந்நாடகம் ஒரே ஆண்டில் இரு வடிவங்களில் வெளிவந்தது. ஒன்றில் தலைவன் நம்பிக்கையற்று மாள்கின்றான். மற்றொன்றில் இறுதி வேளையில் மனந்திரும்புகின்றான். கைவிடப்பட்டவன் எனத் தன்னைக் கருதுகிறவனின் முடிவை எவ்வாறு எழுதுவது என்பதில் ஒரு குருவுக்கே இருந்த தடுமாற்றத்தை இது காட்டுகின்றது.

2. இரு பதிப்புகள்

பாஸ்டஸ் நாடகமும் இரு வடிவங்களிலேயே நமக்குக் கிடைத்துள்ளது. ஒன்று 1604இல் அச்சானது. மற்றொன்று 1616இல் அச்சானது. இரண்டும் ஆசிரியர் இறந்தபின் வெளிவந்தவை. பிந்திய பதிப்பு முந்தியதைக் காட்டிலும் ஏறத்தாழ அறுநூறு வரிகள் நீண்டது. நாடகக் குழுவின் நிதிப் பொறுப்பாளராகிய பிலிப் ஹென்ஸ்லோ, இந்நாடகத்திற்குச் சேர்க்கைகள் எழுதியமைக்காக வில்லியம் பேர்ட், சாமுவேல் ரௌலி ஆகிய இருவருக்கு 1602இல் நான்கு பவுன் கொடுத்ததாகத் தம் கணக்கேட்டில் குறித்துள்ளார். மாற்கு சுவிசேஷத்தின் நீண்ட முடிவையும் குறுகிய முடிவையும் ஆராய்ந்து பழகிய நம் மாணவருக்குப் பாடபேதங்களின் இன்றியமையாமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வேறுபாடுகள் சொல்லளவில் சிறியன, பொருளளவில் பெரியன. மனந்திரும்பக் காலம் கடந்துவிடவில்லை என்று நல்ல தூதன் பாஸ்டஸிடம் கூறும் இடத்தில், 1604 பதிப்பு அவனால் மனந்திரும்ப 'இயலுமாயின்' என்னும் பொருள்படும் சொல்லைக் கொண்டுள்ளது. 1616 பதிப்பிலோ அவ்விடத்தில் 'விரும்புவானாயின்' என்னும் பொருள்படும் சொல் நிற்கின்றது. ஆங்கிலத்தில் ஒரே ஒரு துணைவினையின் மாற்றம் இது. ஆனால் அகஸ்டின், பெலேஜியஸ் காலம் முதல் சபையைப் பிரித்த விவாதம் அவ்வொரு சொல்லுள் அடங்கியுள்ளது.

மேலும், 1606இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, மேடையில் கடவுளின் பெயரையும் கிறிஸ்துவின் பெயரையும் வீணாக வழங்குவோருக்குப் பத்துப் பவுன் தண்டம் விதித்தது. பிந்திய பதிப்பில் சில அடிகள் மாறியமைக்கு இதுவும் காரணமென்பர். முந்திய பதிப்பில், இறுதி மணி நேரத்தில் பாஸ்டஸ் வானத்தில் கிறிஸ்துவின் இரத்தம் ஓடுவதைக் காண்கின்றான். தன்னை மீட்ட அவ்விரத்தத்தின் நிமித்தம் தன் வேதனைக்கு ஒரு முடிவு வேண்டுமென்றும் மன்றாடுகின்றான். 1616 பதிப்பில் அவ்வானக் காட்சி இல்லை. அம்மன்றாட்டும் உருமாறி, தன் பாவத்திற்காகத் தன் ஆன்மா துன்புற வேண்டுமாயின் அதற்கோர் எல்லை வேண்டும் என்பதோடு நின்றுவிடுகின்றது. இறைநிந்தையைத் தடுக்க வந்த சட்டம், பாவியின் வாயிலிருந்து கிறிஸ்துவின் பெயரால் எழுந்த விண்ணப்பத்தையே அகற்றிவிட்டது போலும்!

3. தீர்ப்புகளின் வரலாறு

நாடகத்தையும் ஆசிரியரையும் முதலில் தீர்ப்பிட்டவர்கள் சமயப் பற்றாளரே. தாமஸ் பியர்ட் என்னும் தூய்மைவாதி 1597இல் வெளியிட்ட நூலில் மார்லோவின் மரணத்தைக் கடவுளின் தண்டனைக்கு எடுத்துக்காட்டாகக் கூறினார். நாடகங்களை வன்மையாகக் கண்டித்த வில்லியம் பிரின் 1633இல், இந்நாடகம் நடந்தபோது மெய்யான பிசாசே மேடையில் தோன்றியதாக ஒரு செய்தியைப் பதிவு செய்தார். இவர்கள் நூலை ஆராயவில்லை. அச்சத்தினால் அதைச் சுற்றி வேலியிட்டனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காற்று எதிர்த்திசையில் வீசியது. 1819இல் எலிசபெத் கால நாடகங்களைப் பற்றிச் சொற்பொழிவாற்றிய வில்லியம் ஹாஸ்லிட், அறிவுத்தாகமும் அடங்கா மனவுறுதியும் கொண்ட பெருந்தலைவனாகப் பாஸ்டஸைக் கண்டார். 1910இல் ஜார்ஜ் சந்தயானா, மறுமலர்ச்சிக் காலம் விழைந்த வல்லமை, அறிவு, செல்வம், அழகு ஆகியவற்றின் பொருட்டு உயிர்துறந்த இரத்தசாட்சி போன்று அவனை மதிப்பிட்டார். இவர்கள் நோக்கில் மனந்திரும்புதல் என்னும் வினாவே பின்னுக்குத் தள்ளப்பட்டது. வீரனுக்கு மன்னிப்பு எதற்கு?

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மீண்டும் ஒரு திருப்பம் ஏற்பட்டது. 1943இல் லியோ கிர்ஷ்பாம், இந்நாடகத்தின் உலகம் முற்றிலும் கிறிஸ்தவ உலகம் என்றும், நாடகம் காட்டும் மதிப்பீடுகளை விட்டுவிட்டு நம் காலத்து வேட்கைகளை அதில் ஏற்றுதல் தவறு என்றும் வாதிட்டார். 1946இல் டபிள்யூ. டபிள்யூ. கிரெக், பாஸ்டஸ் முத்தமிடும் கிரேக்க எலன் உண்மையில் பெண்ணுருவில் வந்த தீய ஆவியே என்றும், அவளோடு கூடியதே அவன் அழிவை உறுதிப்படுத்திய செயல் என்றும் விளக்கினார். 1948இல் ஹெலன் கார்ட்னர் அம்மையார், பாஸ்டஸை மாக்பெத்தோடும் மில்டனின் சாத்தானோடும் ஒப்பிட்டு, தானே தேர்ந்த தீமையினால் நன்மைக்குத் திரும்பும் ஆற்றலைப் படிப்படியாக இழக்கும் ஆன்மாவின் வரலாறு இது என்றார்.

கிரெக்கின் கருத்தை 1969இல் டி. டபிள்யூ. கிரெய்க் மறுத்தார். அம்மறுப்பு நியாயமானதே என்று நாம் கருதுகின்றோம். எலன் தோன்றும் காட்சிக்குப் பின்னரும், அவனுடைய நண்பராகிய மாணவர்கள் அவனைக் கடவுளை நோக்கிப் பார்க்கும்படி வேண்டுகின்றனர். கடவுளின் இரக்கங்களுக்கு அளவில்லை என்கின்றனர். ஒரு குறிப்பிட்ட செயலோடு கதவு அடைபட்டது என்று கூற நாடகம் இடங்கொடுக்கவில்லை. கதவு அடைபட்டது என்று சொல்கிறவர்கள் லூசிபரும் பாஸ்டஸுமே.

1980களில் தோன்றிய திறனாய்வாளர் வேறொரு குற்றவாளியைக் கூண்டில் நிறுத்தினர். ஸ்டீபன் கிரீன்பிளாட் 1980இல் வெளியிட்ட நூலில், பாஸ்டஸ் தன் இரத்தத்தால் பத்திரம் எழுதி முடித்ததும் சிலுவையில் நம் ஆண்டவர் கூறிய நிறைவுச் சொல்லையே கூறுவதைச் சுட்டி, அவனுடைய கலகமும் தான் எதிர்க்கும் சமயத்தின் மொழியிலேயே பேசவேண்டியிருந்த நிலையை ஆராய்ந்தார். ஆலன் சின்ஃபீல்ட் 1983இலும், ஜொனாதன் டொலிமோர் 1984இலும், மனிதனை வீழவைத்துப் பின் தண்டிக்கும் கடவுட் கொள்கையையே இந்நாடகம் கேள்விக்குள்ளாக்குகின்றது என்னும் வகையில் எழுதினர். வில்லியம் எம்ப்சன், மறைவுக்குப் பின் 1987இல் வெளியான நூலில், தணிக்கையாளர் சிதைக்குமுன் மூலநாடகத்தில் பாஸ்டஸ் நரகத்திற்குத் தப்பியிருந்தான் என்று கூடக் கூறினார். இதனை ஏற்றவர் மிகச் சிலரே. இவ்வாறு, முந்திய தலைமுறை பாஸ்டஸின் சித்தத்தைக் குற்றப்படுத்தியது. பிந்திய தலைமுறை அவனை அச்சித்தத்தோடு படைத்த தெய்வத்தைக் குற்றப்படுத்தியது.

4. பாடத்தைத் தெரிதலும் பொருளைத் தெரிதலும்

இங்கு நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. இரு பதிப்புகளையும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிட்டு 1950இல் வெளியிட்டவர் கிரெக்கே. 1604 பதிப்பு நினைவிலிருந்து திரட்டப்பட்ட குறைப்பதிப்பு என்றும், 1616 பதிப்பே மார்லோவின் கையெழுத்துப் படிக்கு நெருங்கியது என்றும் அவர் முடிவு செய்தார். அவரைப் பின்பற்றிப் பல பதிப்பாசிரியர் 1616 பதிப்பையே அடிப்படையாகக் கொண்டனர். 'விரும்புவானாயின்' என்னும் பாடம் மாணவர் கைகளில் தவழ்ந்தது.

1973இல் பிரெட்சன் பவர்ஸ், 1616 பதிப்பிலுள்ள மிகுதிப் பகுதிகள் 1602இல் பேர்டும் ரௌலியும் எழுதிய சேர்க்கைகளே என்று வாதிட்டார். 1993இல் டேவிட் பெவிங்டனும் எரிக் ராஸ்முசனும், 1604 பதிப்பே மார்லோவும் அவரோடு சேர்ந்து எழுதியவரும் விட்டுச்சென்ற படியிலிருந்து அச்சானது என்னும் முடிவோடு, இரு பாடங்களையும் தனித்தனியே முழுமையாகப் பதிப்பித்தனர். 'இயலுமாயின்' என்னும் பாடம் மீண்டும் மதிப்புப் பெற்றது. 1989இல் லியா மார்கஸ், இரு பாடங்களையும் ஒன்றாக்க முயல்வதே தவறு, ஒவ்வொன்றும் வெவ்வேறு சமயச் சூழலுக்குரியது என்று எழுதியிருந்தார்.

பாடத்தைப் பற்றிய முடிவே பொருளைப் பற்றிய முடிவு முழுவதையும் உண்டாக்கிற்று என்று நாம் கூறோம். போரின் கொடுமையைக் கண்ட தலைமுறை தீமையைக் குறித்து அறிந்ததும், அதிகாரத்தை ஐயுற்ற தலைமுறை சமய அமைப்பை வினவியதும் இயல்பே. ஆயினும் இரு சாராரும் ஒரு உண்மையை எளிதாகக் கடந்தனர். எந்தப் பதிப்பும் ஒரு பக்கம் மட்டும் சாயவில்லை. 'விரும்புவானாயின்' என்று கூறும் 1616 பதிப்பிலேயே, பாஸ்டஸ் திருமறையை வாசித்தபோது தாள்களைப் புரட்டி அவன் கண்களைத் திருப்பியவன் தானே என்று மெபிஸ்டோபிலிஸ் இறுதியில் பெருமை பேசுகின்றான். 'இயலுமாயின்' என்று கூறும் 1604 பதிப்பில் அப்பேச்சு இல்லை. அங்குப் பாஸ்டஸ் தன் கண்களாலேயே வாசிக்கின்றான், தானே தவறுகின்றான். தன் இருதயம் கடினப்பட்டதால் மனந்திரும்ப இயலவில்லை என்று அவன் கூறுவதோ இரண்டிலும் உள்ளது. ஆகவே ஒரு பதிப்பு சித்தத்திற்குப் பொறுப்பளிக்கும் இடத்தில் மற்றொன்று வல்லமையின்மையைக் காட்டுகின்றது. அப்பதிப்பே வேறிடத்தில் முறை மாறி நிற்கின்றது. ஒருபாற் சாய்ந்த தீர்ப்பை விழைகிறவர் நாடகத்தில் பாதியை மறைத்தே அதனைப் பெறமுடியும்.

5. பாதி வசனம்

பாதியை மறைத்து வாசித்தல்! பாஸ்டஸின் வீழ்ச்சி தொடங்குவதும் அவ்விதமே அன்றோ? முதற்காட்சியில் அவன் ஜெரோமின் இலத்தீன் மொழிபெயர்ப்பைத் திறக்கின்றான். ரோமர் 6:23இல் பாவத்துக்குரிய கூலி மரணம் என்பதை வாசிக்கின்றான். அதே வசனம் தேவன் அருளும் நித்திய ஜீவனைக் கூறும் பிற்பகுதிக்கு அவன் செல்லவில்லை. 1 யோவான் 1:8இல் பாவமற்றவர் எவருமில்லை என்பதை வாசிக்கின்றான். அறிக்கையிடுவோருக்கு மன்னிப்பை வாக்களிக்கும் ஒன்பதாம் வசனத்தை விட்டுவிடுகின்றான். இவ்விரண்டு பாதிகளையும் இணைத்து, எல்லாரும் பாவஞ்செய்தே தீரவேண்டும், ஆதலால் மாண்டே தீரவேண்டும் என்று தருக்க முறையில் முடிவு கட்டுகின்றான். பின்பு வேதத்திற்கு விடைகொடுக்கின்றான்.

இம்முடிவில் தருக்கப் பிழை ஏதுமில்லை. அவன் காட்டும் வசனங்களும் மெய்யானவையே. கிருபையை விட்டு நியாயப்பிரமாணத்தை மட்டும் கேட்டதே பிழை. சீர்திருத்தத் தந்தையர் இச்சூழ்ச்சியை நன்கறிந்திருந்தனர். வாக்குத்தத்தத்தை மறைத்துப் பிரமாணத்தை மட்டும் மனச்சாட்சிக்கு முன் வைப்பது சாத்தானின் வழக்கமான வாதமுறை என்று லூத்தர் பலமுறை எச்சரித்துள்ளார். பாஸ்டஸிடம் இவ்வாதத்தைப் பேச முதலில் பிசாசு வரவேண்டியிருக்கவில்லை. அவனுடைய கல்வியே அதற்குப் போதுமானதாயிற்று.

திறனாய்வாளரின் வரலாற்றை இப்போது மீண்டும் நோக்குவோம். பாஸ்டஸின் துணிவைப் புகழ்ந்தோர் அவன் கண்ணீரை வாசிக்கவில்லை. அவன் பாவத்தை அளந்தோர், உயர்த்த முயன்ற கைகளைப் பிசாசுகள் பற்றிக்கொள்வதாக அவன் அலறுவதற்குப் போதிய இடமளிக்கவில்லை. கடவுளைக் குற்றப்படுத்தியோர் நல்ல தூதனையும், அவனைத் தேடிவந்த முதியவரையும் ஆராய்ச்சியின் ஓரத்தில் நிறுத்தினர். ஒவ்வொருவரும் கூறியது நாடகத்தில் உள்ளதே. ஒவ்வொருவரும் விட்டதும் நாடகத்தில் உள்ளதே.

6. முடிவுரை

இவ்வாராய்ச்சி குருமாருக்கும் மாணவருக்கும் எவ்வகையில் பயன்படும்? பிரசங்க பீடத்தில் பாதி வசனத்தால் பாதி மனிதரை அழிக்க இயலும் என்பது ஒரு பயன். அதனினும் ஆழ்ந்தது மற்றொன்று. தனக்கு மன்னிப்பு இல்லை என்று நம்பும் மனிதர் நம் சபைகளிலும் உள்ளனர். அவர்களைக் காணும்போது, இவர் மனந்திரும்ப இயலாதவரா, விரும்பாதவரா என்று முதலில் தீர்மானிக்க நம் மனம் விரைகின்றது. இயலாதவர் எனில் பொறுப்பு நம்மை விட்டு நீங்குகின்றது. விரும்பாதவர் எனில் பழி அவர் மீது சார்கின்றது. இரு விடைகளும் நமக்கு வசதியானவை. நான்கு நூற்றாண்டுத் திறனாய்வு முடிவு செய்ய இயலாத இவ்வினாவை ஒரு மாலைச் சந்திப்பில் நாம் முடிவு செய்ய வேண்டுவதில்லை.

நாடகத்தில் வரும் முதியவர் அவ்வினாவைக் கேட்கவில்லை. அழைப்பின்றி வந்தார், பாவத்தை மறைக்காமல் கூறினார், இரக்கத்தையும் மறைக்காமல் கூறினார். மாணவர்களும் கேட்கவில்லை. தங்களால் ஆகக்கூடியது வேறில்லை என்று கண்டபோது, பக்கத்து அறைக்குச் சென்று அவனுக்காக ஜெபித்தனர். 1616 பதிப்பு இதற்கு மேலும் ஒரு காட்சியைச் சேர்த்துள்ளது. பொழுது விடிந்ததும் அம்மாணவர்கள் திரும்பி வந்து, சிதறிக் கிடக்கும் தம் ஆசிரியரின் உறுப்புகளைக் காண்கின்றனர். அவன் முடிவு அத்தகையதாயினும் முறையாக அடக்கம் செய்யத் தீர்மானிக்கின்றனர். அக்காட்சி மார்லோ எழுதியதன்று என்றே அறிஞர் பலர் கருதுவர். எழுதியவர் யாராயினும், தீர்ப்பைக் கடவுளுக்கு விட்டு, தம்மால் இயன்ற கடமையைச் செய்த மாந்தரை அவர் அறிந்திருந்தார்.